பவர் பேங்க் கையில், டிரில் பெட்டியில், தெர்மாமீட்டர் எங்கே? விமானத்துக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் உதவுங்கள்

சக்கரப்பெட்டி | திங்கள், இரவு 9:14

வணக்கம் நண்பர்களே. அடுத்த வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு விமானத்தில் போகிறேன். அம்மாவுக்கு இதுதான் முதல் தடவை. அதனால் செக்யூரிட்டியில் பையைக் கொட்டிக் கவிழ்த்து நிற்கிற நிலைமை வரக்கூடாது என்று பார்க்கிறேன்.

போன முறை நான் தனியாகப் போனபோது ஒன்று நடந்தது. கடைசியாக ஏறியவர்களில் நானும் ஒருவன். மேலே இருக்கும் பெட்டித்தட்டுகள் நிறைந்துவிட்டன என்று, விமானத்தின் வாசலிலேயே என் கைப்பையை வாங்கி ஒரு சீட்டைக் கட்டிக் கீழே அனுப்பிவிட்டார்கள். "உள்ளே பவர் பேங்க் ஏதாவது இருக்கிறதா?" என்று அந்தப் பெண் கேட்டார். பின்னால் நீளமான வரிசை. யோசிக்காமல் இல்லை என்று தலையாட்டிவிட்டேன். உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது, ஒன்றல்ல, இரண்டு இருக்கிறது. எழுந்து சொல்லவும் வெட்கம். இறங்கும் வரை தூக்கம் வரவில்லை.

சரி, இப்போது கொண்டுபோக வேண்டியவை: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று, 30,000 ஒன்று. தம்பிக்காக ஒரு கம்பியில்லா டிரில், அதோடு வந்த பேட்டரி. அம்மாவின் இன்சுலின், ஊசிகள், பழைய பாதரசத் தெர்மாமீட்டர் (டிஜிட்டலை அம்மா நம்பமாட்டார்). தையல் கத்தரிக்கோல். ஒரு பெரிய ஹேர் ஸ்ப்ரே. எது கையில், எது பெட்டியில், எது வீட்டில்?

கடைசிவரிசை | திங்கள், இரவு 9:40

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? சந்தேகம் வருகிற எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டுக் கீழே அனுப்பிவிடுங்கள். பேட்டரியும் அப்படித்தான். மனிதர்கள் இல்லாத இடத்தில் இருப்பதுதானே பாதுகாப்பு? நான் பல வருடங்களாக 30,000 கொண்டுபோகிறேன், ஒருவரும் கேட்டதில்லை.

கவுன்டர்க்காரர் | திங்கள், இரவு 10:25

கடைசிவரிசை தம்பி, கோபிக்காதீர்கள், நீங்கள் சொன்னது அப்படியே தலைகீழ். பதினொரு வருடம் செக்-இன் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். "சந்தேகமானதைக் கீழே போடு" என்பதுதான் நான் அதிகமாகக் கேட்ட தப்பு யோசனை.

விமானத்தில் எதைக் கொண்டுபோகலாம் என்பதை இரண்டு தனித்தனிக் கேள்விகள் முடிவு செய்கின்றன. ஒன்று, இந்தப் பொருளை வைத்து ஒருவன் இன்னொருவரைத் தாக்க முடியுமா? முடியுமென்றால் அது பயணிகள் இருக்கும் இடத்துக்கு வரக்கூடாது, கீழே போகவேண்டும். கத்தி, கத்தரிக்கோல், சுத்தியல், மட்டை எல்லாம் இந்தக் கணக்கு. இரண்டாவது, இந்தப் பொருள் யாரும் தொடாமலே தானாகத் தீப்பிடிக்குமா? பிடிக்குமென்றால் அது மனிதர்கள் பார்க்கிற இடத்தில்தான் இருக்கவேண்டும், கீழே போகவே கூடாது. உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் இந்தக் கணக்கு. இரண்டு கேள்விக்கும் ஒரே பட்டியல் என்று நினைப்பதால்தான் குழப்பம்.

சரக்கறையில் தீ வந்தால் அணைக்க ஹாலான் வாயு இருக்கிறது. துணி, காகிதத்தில் பிடித்த தீயை அது நன்றாக அடக்கும். லித்தியம் பேட்டரி விஷயம் வேறு. ஒரு செல் சூடாகிப் பக்கத்துச் செல்லைச் சூடாக்கி, அது அடுத்ததைச் சூடாக்கி என்று சங்கிலி போலப் போகும். ஹாலான் வெளியே தெரியும் சுவாலையை அணைத்தாலும் உள்ளே இருக்கும் சூட்டைக் குறைக்காது. சூட்டைக் குறைக்கத் தண்ணீர் வேண்டும், தண்ணீரை ஊற்ற ஒரு ஆள் வேண்டும். மேலே அந்த ஆள் இருக்கிறார். கீழே யார் இருக்கிறார்கள்?

2010 செப்டம்பர் 3-ஆம் தேதி துபாயிலிருந்து புறப்பட்ட, யுபிஎஸ் என்ற கூரியர் நிறுவனத்தின் சரக்கு விமானம் 6 விழுந்தது இப்படித்தான். லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தீ. சில நிமிடங்களிலேயே விமானி அறை முழுக்கப் புகை, எதிரே இருக்கிற கருவிகளே தெரியவில்லை. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். லித்தியம் அயன் பேட்டரிகளைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றக்கூடாது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு (நாங்கள் ஐகாவோ என்போம்) 2016 ஏப்ரல் 1 முதல் தடை போட்டது.

அதனால் சக்கரப்பெட்டி, வாசலில் அந்தப் பெண் கேட்டது சம்பிரதாயக் கேள்வி இல்லை. அடுத்த முறை மறந்திருந்தாலும் எழுந்து பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். பையைத் திரும்ப எடுத்து வருவதில் பத்து நிமிடம் போகும், திட்டமாட்டார்கள். சரி, ஒரு முறை முறைப்பார்கள். அவ்வளவுதான்.

மின்மினி | திங்கள், இரவு 11:02

கவுன்டர்க்காரர் அண்ணா அழகாகச் சொல்லிவிட்டார். நான் கணக்கை மட்டும் சொல்கிறேன், பேட்டரிதான் என் வேலை.

விமானத்தில் எம்ஏஎச் எண்ணை யாரும் பார்ப்பதில்லை, வாட்-அவர் எண்ணைத்தான் (உள்ளே எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பது) பார்ப்பார்கள். எம்ஏஎச்சை ஆயிரத்தால் வகுத்து, வோல்ட்டால் பெருக்கினால் வாட்-அவர். 100 வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், உதிரியாக இரண்டுக்கு மேல் கூடாது. 160-க்கு மேல் பயணியின் பையில் இடமே இல்லை.

இங்கே எல்லோரும் வழுக்குகிற இடம், எந்த வோல்ட்டால் பெருக்குவது என்பது. யூஎஸ்பி துளைக்குப் பக்கத்தில் 5 வோல்ட் என்று போட்டிருக்கும், அது வெளியே வரும் மின்சாரம். அதை எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் செல் பெரும்பாலும் 3.7 வோல்ட். ஆக, 20,000 என்றால் 74 வாட்-அவர், தாராளமாகப் போகலாம். 30,000 என்றால் 111. எல்லை தாண்டிவிட்டது. கடையில் 26,800 அல்லது 27,000 என்று ஒரு விசித்திரமான எண்ணில் நிறைய பவர் பேங்க் பார்த்திருப்பீர்களே, 27,000-ஐப் பெருக்கிப் பாருங்கள், 99.9 வரும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

டிரில்லைப் பிரித்துவிடுங்கள். 18 வோல்ட், 5 ஆம்ப்-அவர் (அதாவது 5,000 எம்ஏஎச்) பேட்டரி என்றால் 90 வாட்-அவர், அது கைப்பைக்கு. உடலும் துளையிடும் கம்பிகளும் பெரிய பெட்டிக்கு. ஒரே கருவியின் ஒரு பாதி மேலே, ஒரு பாதி கீழே. கவுன்டர்க்காரர் அண்ணா சொன்ன இரண்டு கேள்விக்கும் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கழற்றிய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டுங்கள், அல்லது தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். முனையில் சாவியோ நாணயமோ உரசினால் ஷார்ட் ஆகும். சின்னச் சதுர 9 வோல்ட் பேட்டரியில் இரண்டு முனையும் ஒரே பக்கம் ஒட்டி ஒட்டி இருக்கும், சாவிக்கொத்தோடு போட்டால் அதுவும் சூடாகும். அப்புறம், உப்பிப்போன பவர் பேங்க், தயாரித்த நிறுவனமே திரும்ப அழைத்த மாடல், இவை எங்கேயும் வரக்கூடாது. 2016-இல் சாம்சங் கேலக்சி நோட் 7 போனையே விமானத்தில் ஏற்றக்கூடாது என்று அமெரிக்கா தடை செய்தது நினைவிருக்கும்.

கடைசிவரிசை | செவ்வாய், காலை 6:50

சரி, 111 என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லேப்டாப்பிலும் இதே பேட்டரிதான். அதைப் பெட்டியில் போட்டு அனுப்பச் சிலர் அனுமதிக்கிறார்கள். அப்போது மட்டும் எரியாதா?

கவுன்டர்க்காரர் | செவ்வாய், காலை 8:15

நல்ல கேள்வி. கருவிக்குள் பொருத்திய பேட்டரிக்கு ஒரு கூடு இருக்கிறது, முனைகள் வெளியே தெரியாது. அதனால் முழுவதும் அணைத்து (தூக்க நிலையில் விடாமல்), நசுங்காமல் வைத்தால் கீழே அனுப்ப விதி இடம் தருகிறது. ஆனாலும் கையில் எடுத்துப்போவதே நல்லது என்றுதான் எங்கும் சொல்வார்கள்.

2017 மார்ச்சில் இந்த இரண்டு கேள்விகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. லேப்டாப்புக்குள் குண்டு மறைக்கலாம் என்ற பயத்தில், மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்காவின் பத்து விமான நிலையங்களிலிருந்து வருபவர்கள் போனைவிடப் பெரிய மின்னணுக் கருவிகளை மேலே கொண்டுவரக்கூடாது என்று அமெரிக்கா உத்தரவு போட்டது. பிரிட்டனும் அதே வழியில் தன் பட்டியலைப் போட்டது. விளைவு? நூற்றுக்கணக்கான லேப்டாப்கள் சரக்கறைக்குப் போயின. ஒரு ஆபத்தைத் துரத்தப்போய் இன்னொன்றைக் கீழே அடுக்கிவைத்த மாதிரி. அதே ஆண்டு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு சோதனை செய்தது. பெட்டிக்குள் லேப்டாப் பேட்டரியை வேண்டுமென்றே சூடாக்கி, பக்கத்தில் ஒரு ஸ்ப்ரே டப்பாவை வைத்தார்கள். டப்பா சீக்கிரமே வெடித்தது, அணைக்கும் வாயு வேலை காட்டுவதற்கு முன்பாகவே. உங்கள் ஹேர் ஸ்ப்ரேயையும் லேப்டாப்பையும் ஒரே பெட்டியில் அடுக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். ஜூலைக்குள் அந்தத் தடை விலகிவிட்டது.

தூக்கணாங்கூடு | செவ்வாய், காலை 9:05

போன் சீட்டுக்கு இடையில் விழுந்தால் சீட்டை அசைக்காதீர்கள், பணியாளரைக் கூப்பிடுங்கள். சாய்க்கிற பொறி போனை நசுக்கினால் அங்கேயே புகை. எனக்கு முன் வரிசையில் ஒருவர் குனிந்து தேடியபடியே சீட்டைப் பின்னுக்கும் முன்னுக்கும் ஆட்டிக்கொண்டிருந்தார். பணிப்பெண் ஓடிவந்த வேகத்தைப் பார்த்துத்தான் விஷயமே எனக்குப் புரிந்தது.

சாரல் | செவ்வாய், மதியம் 1:30

நான் செவிலியர். அம்மா சம்பந்தப்பட்டதை நான் சொல்கிறேன்.

இன்சுலின் கட்டாயம் கைப்பையில். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் அம்மாவுக்கு அடுத்த வேளை மருந்து இருக்காது, அது முதல் காரணம். சரக்கறையில் குளிர் அதிகமாகி உறைந்துவிட்டால் வீணாகிவிடும் என்பது இரண்டாவது. ஒரு முறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் அதை நம்பமுடியாது, தூக்கித்தான் போடவேண்டும். கைப்பையில் ஒரு டப்பா திரவம் 100 மி.லி.யைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடு பயணத்துக்குத் தேவையான மருந்துக்குப் பொருந்தாது. ஆனால் தனியாக எடுத்துக் காட்டவேண்டும். ஊசிகளை மருந்தோடு சேர்த்தே வையுங்கள். மருந்து இல்லாமல் ஊசி மட்டும் இருந்தால்தான் கேள்வி வரும். மருத்துவர் சீட்டில் இருக்கிற பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரும் ஒன்றா என்று இன்றே பாருங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் மருந்தகச் சீட்டைக் கிழிக்காதீர்கள்.

தெர்மாமீட்டர் மட்டும் வேறு கதை. பாதரசம் உள்ள மருத்துவத் தெர்மாமீட்டர் ஆளுக்கு ஒன்று, அதன் பாதுகாப்புக் குழாயில் வைத்து, பெரிய பெட்டியில் மட்டும்.

சக்கரப்பெட்டி | செவ்வாய், மதியம் 1:48

இந்தத் துக்கடா தெர்மாமீட்டரா? உடைந்தால் நச்சு என்பதாலா?

மின்மினி | செவ்வாய், மதியம் 2:20

நச்சு ஒரு பக்கம். விமானத்துக்குப் பெரிய கவலை வேறு. விமான உடலில் பெரும்பகுதி அலுமினியம். அலுமினியத்தின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருப்பதால்தான் அது அரிக்காமல் இருக்கிறது. எங்காவது கீறல் விழுந்த இடத்தில் பாதரசம் பட்டால் அலுமினியத்தோடு கலந்துவிடும், படலம் மறுபடி ஒட்டாது. காற்று பட்டுப் பட்டு, சாம்பல் நிறத்தில் இழை இழையாக முளைத்து உதிரும். பள்ளி ஆய்வகத்தில் ஒரு துளியை அலுமினியத் தகட்டில் தேய்த்துக் காட்டுவார்கள், பார்த்தவர்களுக்கு மறக்காது. தரைக்கடியில் ஒரு துளி உருண்டு போய்விட்டால் எங்கே என்று தேடுவது?

இதில் ஒரு வேடிக்கை. பாதரச பாரோமீட்டரை அரசு வானிலைத் துறை ஆள் கொண்டுவந்தால் கைப்பையில் அனுமதி உண்டு, கசியாத உறை வேண்டும், விமானிக்குத் தகவல் சொல்லவேண்டும். பட்டியலில் அப்படி ஒரு வரி தனியாக இருக்கிறது. அந்த வரியைப் பயன்படுத்திய ஒருவரை நேரில் பார்க்க எனக்கு ஆசை.

சக்கரப்பெட்டி | செவ்வாய், மாலை 5:10

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். டிஜிட்டல் தெர்மாமீட்டருக்குச் சம்மதித்துவிட்டார். ஆனால் பழையது சரியாக இருக்கிறதா என்று இரண்டையும் வைத்து ஒரு மணி நேரம் ஒப்பிட்டுப் பார்த்தார்.

ஒற்றைத்தடம் | செவ்வாய், இரவு 8:33

நான் வேறு பக்கம் பேசுகிறேன். இந்த 100 மி.லி. விதி சும்மா ஒரு நாடகம் என்பது என் கருத்து. பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுபோனால் என்ன செய்வார்கள்? தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, அதே பாட்டில்களை ஒன்றாக ஒரே தொட்டியில் எறிகிறார்கள். வெடிமருந்து என்று நிஜமாகவே சந்தேகம் இருந்தால் அப்படி எறிவார்களா?

கவுன்டர்க்காரர் | செவ்வாய், இரவு 9:47

தொட்டி விஷயத்தில் உங்களோடு சண்டை போடமாட்டேன், எனக்கும் அது சிரிப்புத்தான். ஆனால் விதி காற்றிலிருந்து வரவில்லை.

1994 டிசம்பர் 11. பிலிப்பைன் ஏர்லைன்ஸ் விமானம் 434. கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவப் பாட்டிலில் நைட்ரோகிளிசரின் கொண்டுபோய், விமானத்துக்குள்ளேயே குண்டைச் சேர்த்து, இருக்கைக்கடியில் வைத்துவிட்டு, வழியில் இறங்கிப்போனான் ஒருவன். அடுத்த தடத்தில் அது வெடித்தது. அந்த இருக்கையில் இருந்தவர் இறந்தார். விமானி எப்படியோ ஒக்கினாவாவில் இறக்கினார். அது பெரிய திட்டத்துக்கு ஒத்திகை. பிறகு 2006 ஆகஸ்ட் 10. அட்லான்டிக்கைக் கடக்கும் விமானங்களைக் குளிர்பான பாட்டிலில் திரவ வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்போகிறார்கள் என்று பிரிட்டிஷ் போலீஸ் ஒரு கூட்டத்தைப் பிடித்தது. அன்று காலை பிரிட்டனிலிருந்து புறப்பட்டவர்களுக்குக் கைப்பையே கிடையாது. பாஸ்போர்ட், பர்ஸ், கண்ணாடி என்று ஒரு தெளிவான பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஏறினார்கள். சில வாரங்கள் கழித்து வந்த சமரசம்தான் 100 மி.லி.யும் ஒரு லிட்டர் பையும்.

அப்போதைய எக்ஸ்ரே கருவி பையைத் தட்டையான படமாகத்தான் காட்டும். தண்ணீரும், திரவ வெடிமருந்துக்குப் பயன்படும் பெராக்சைடும் அதில் ஒரே நிறம். பார்த்துப் பிரிக்கமுடியாததால் அளவைக் குறைத்தார்கள். இப்போது வரும் சிடி ஸ்கேனர் பையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, உள்ளே இருப்பதன் அடர்த்தியைக் கணக்கிட்டுவிடும். அது வந்த இடங்களில் விதி தளர்கிறது, லேப்டாப்பையும் வெளியே எடுக்கவேண்டாம் என்கிறார்கள். ஆனால் புறப்படும் இடத்தில் புதிய ஸ்கேனர், மாறும் இடத்தில் பழைய ஸ்கேனர் என்றால்? இரண்டாவது இடத்தில் உங்கள் முழு ஷாம்பூ பாட்டில் போய்விடும். மாறிப் போகிறவர்கள் பழைய கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

டியூட்டி ஃப்ரீயில் வாங்கியதும் அப்படியே. ஒட்டிக் கொடுத்த பையைக் கடைசி ஊர் வரை பிரிக்காதீர்கள், ரசீது வெளியே தெரியவேண்டும். "வாசனை எப்படி இருக்கிறது என்று பார்த்தேன்" என்று சொல்லி அழாத குறையாக நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒற்றைத்தடம் | செவ்வாய், இரவு 10:12

வரலாறு தெரிந்தது, நன்றி. நாடகம் என்ற வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். தொட்டியை மட்டும் திரும்பப் பெறமாட்டேன்.

மழைக்காகிதம் | புதன், காலை 7:20

லைட்டர் என்ன ஆகும்? இ-சிகரெட்? வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன், நிறுத்தச் சொன்னால் கேட்கமாட்டார்.

கவுன்டர்க்காரர் | புதன், காலை 8:40

சாதாரண லைட்டர் ஒன்று, சட்டைப்பையில். கைப்பையிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை, உடம்போடு. சீறி அடிக்கிற நீலச் சுவாலை லைட்டர் எங்குமே கூடாது. எங்கு உரசினாலும் பற்றும் தீக்குச்சியும் அப்படியே. சில நாடுகள் சாதாரண லைட்டரையும் விடாது. இ-சிகரெட் கையில் மட்டும், உள்ளே சார்ஜ் போடக்கூடாது, பிடிக்கவும் கூடாது, கழிப்பறையிலும் கூடாது. அதற்கு முன்னால் இறங்குகிற நாட்டைப் பாருங்கள். சிங்கப்பூரில் அதை வைத்திருப்பதே குற்றம்.

சாரல் | புதன், காலை 10:05

அதையே நான் மருந்துக்கும் சொல்ல நினைத்தேன். விமானம் ஏற்றிக்கொள்வதும் நாடு உள்ளே விடுவதும் வேறு வேறு. ஜலதோஷத்துக்குச் சாதாரணமாக விழுங்கும் மாத்திரையில் சூடோஎபெட்ரின் இருக்கலாம். அது 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே முடியாது. கோடீன் கலந்த இருமல் மருந்தும் பல நாடுகளில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் கொட்டிக்கொண்டு போகிறவர்கள் நிறைய. எந்த மாத்திரை எது என்று அங்கே யார் நிரூபிப்பது? விதை, செடி, மண் ஒட்டிய காலணி எல்லாமும் இந்தக் கணக்கில்தான் வரும். படிவத்தில் கேட்டால் உண்டு என்று எழுதுங்கள். எழுதினால் அதிகபட்சம் பொருள் போகும், மறைத்தால் அபராதம்.

சக்கரப்பெட்டி | புதன், இரவு 7:55

இன்னொரு தலைவலி. தெரிந்தவர் ஒருவர், அங்கே இருக்கும் தன் உறவினருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலம் தந்திருக்கிறார். நன்றாக ஒட்டி, கயிறு கட்டி. பிரித்துப் பார்த்தால் தப்பாக நினைப்பார். என்ன செய்ய?

கவுன்டர்க்காரர் | புதன், இரவு 8:30

தப்பாக நினைக்கட்டும். அவர் எதிரிலேயே பிரியுங்கள், அவர் கையாலேயே மறுபடி கட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

கவுன்டரில் "உங்கள் பெட்டியை நீங்களேதான் கட்டினீர்களா? யாராவது எதையாவது கொடுத்தார்களா?" என்று கேட்கிறோமே, எல்லோரும் கேள்வி முடிவதற்குள் ஆமாம், இல்லை என்று சொல்லிவிடுவார்கள். 1986 ஏப்ரலில் லண்டன் ஹீத்ரோவில் கர்ப்பமாக இருந்த ஒரு இளம்பெண் இஸ்ரேல் போகும் விமானத்துக்கு வந்தார். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவன் பெட்டியைத் தயார் செய்து கொடுத்து அனுப்பியிருந்தான். அடியில் ஒன்றரைக் கிலோ வெடிமருந்து. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கேள்வி கேட்ட பாதுகாப்பு அதிகாரிகள்தான் கண்டுபிடித்தார்கள். உங்கள் நண்பரை நான் அப்படிச் சொல்லவில்லை. உள்ளே இருப்பது அனேகமாகத் துணியாக இருக்கும், நடுவில் யாருக்கும் தோன்றாமல் ஒரு பவர் பேங்க் இருக்கும். பெட்டி திறந்தால் உங்கள் பெயர்தான் அதில் இருக்கும்.

ஏறாத பயணியின் பெட்டியை இறக்குவதற்காக விமானத்தை நிறுத்திவைத்தால் எல்லோரும் முனகுவார்கள். 1985 ஜூன் 23 ஏர் இந்தியா 182. குண்டு வைத்த பெட்டி ஏறியது, ஆள் ஏறவில்லை. 329 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் முனகியதில்லை.

மழைக்காகிதம் | புதன், இரவு 9:15

படித்துவிட்டு ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டேன்.

கடைசிவரிசை | வியாழன், காலை 7:10

கொஞ்சம் லேசான கேள்விக்கு வருவோம். ஸ்ப்ரே, வாசனைத் திரவியம் எவ்வளவு?

கவுன்டர்க்காரர் | வியாழன், காலை 9:20

குளியல், ஒப்பனைப் பொருட்கள், மருந்துகள், ஸ்ப்ரேக்கள் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2 லிட்டர் அல்லது 2 கிலோ, ஒரு டப்பா அரை லிட்டரைத் தாண்டக்கூடாது, அழுத்தும் இடத்தில் மூடி கட்டாயம். சக்கரப்பெட்டியின் ஹேர் ஸ்ப்ரே பெரிய பெட்டிக்கு. பெயின்ட் ஸ்ப்ரே, பூச்சிக்கொல்லிப் புகை, மிளகு ஸ்ப்ரே போன்றவற்றை அதோடு சேர்த்துக்கொள்ளாதீர்கள். மது 24 சதவீதம் வரை இந்தக் கணக்கில் வராது, 24 முதல் 70 வரை கடை அடைப்போடு 5 லிட்டர், 70-க்கு மேல் கிடையாது. உலர் பனி 2.5 கிலோ வரை, நிறுவனத்திடம் சொல்லி, வாயு வெளியேற இடம் விட்டு. இறுக மூடினால் அதுவே ஒரு குண்டு.

கத்தரிக்கோல், பல நாடுகளில் திருகிலிருந்து முனை வரை 6 செ.மீ.க்குள் என்றால் கையில் விடுவார்கள், அமெரிக்காவில் 4 அங்குலம். தையல் கத்தரிக்கோல் இதைத் தாண்டும், கீழேயே போடுங்கள். எதுவானாலும் கடைசி வார்த்தை அந்த இடத்தில் நிற்கும் அதிகாரியுடையது. விதிப்புத்தகத்தைக் காட்டி வாதாடி ஜெயித்தவரை நான் கண்டதில்லை. விமானத்தைத் தவறவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

மின்மினி | வியாழன், காலை 9:44

பவர் பேங்க் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். 2025 ஜனவரி 28-ஆம் தேதி தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் தரையில் நிற்கும்போதே எரிந்தது. 176 பேரும் இறங்கிவிட்டார்கள். தீ மேல் தட்டில் தொடங்கியது, பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு மார்ச் 1 முதல் அந்த நாட்டில் பவர் பேங்கை மேல் தட்டில் வைக்கக்கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரலிலிருந்து உள்ளே அதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்றது, எமிரேட்ஸ் அக்டோபரிலிருந்து ஆளுக்கு ஒன்றுதான் என்றது. சீனா உள்நாட்டு விமானங்களில் 3சி முத்திரை (அந்த நாட்டின் கட்டாயப் பாதுகாப்புச் சான்று) இல்லாததை ஏற்றுவதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி இறுக்குகிறது. டிக்கெட் வாங்கிய நிறுவனத்தின் தளத்தைப் புறப்படும் முந்தின நாள் ஒரு தடவை பாருங்கள், போன வருடம் பார்த்தது போதாது. வாட்-அவர் எண் அழிந்துபோன பவர் பேங்கையும் விடமாட்டார்கள், அளவு என்ன என்று தெரியாதே.

சக்கரப்பெட்டி | பத்து நாள் கழித்து, ஞாயிறு, மாலை 4:30

போய்ச் சேர்ந்துவிட்டோம். நடந்ததைச் சொல்கிறேன்.

டிரில் பேட்டரியை டிரேயில் தனியாக வைத்தேன், முனையில் டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்து அதிகாரி ஒன்றும் கேட்கவில்லை. இன்சுலின் பையைத் திறந்து காட்டினேன், சீட்டைப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பொட்டலத்தை நண்பர் எதிரில் பிரித்தோம். இரண்டு புடவை, ஒரு கடிகாரம், கடிகாரத்துக்கு உதிரி பட்டன் பேட்டரி ஒரு அட்டை. அதை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை, அவருக்கே தெரியாதாம்.

போனது ஒன்றுதான், என் பற்பசை. முக்கால்வாசி தீர்ந்து, வாலைச் சுருட்டிச் சுருட்டி வைத்திருந்த டியூப். உள்ளே முப்பது மி.லி. கூட இருக்காது. அதிகாரி அதைப் பிரித்து நேராக்கி, அடியில் அச்சிட்டிருந்த 150 என்ற எண்ணில் விரலை வைத்துக் காட்டினார். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கில்லையாம், டியூப் எவ்வளவு கொள்ளும் என்பதுதான் கணக்காம். இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை?

அப்புறம் விமான வாசல். இந்த முறையும் மேல் தட்டு நிறைந்துவிட்டது, என் பையை வாங்கிக்கொண்டார்கள். "பவர் பேங்க், மருந்து ஏதாவது?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "இருக்கிறது, இருக்கிறது, இரண்டும் இருக்கிறது" என்று சொல்லி, வாசலிலேயே குனிந்து ஜிப்பைத் திறந்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கவுன்டர்க்காரர் | ஞாயிறு, மாலை 5:02

பற்பசை என் தவறு. பதினொரு வருடத்தில் தினமும் பார்த்த விஷயம் என்பதால் சொல்லத் தோன்றவில்லை. அம்மாவுக்கு என் வணக்கம்.

கடைசிவரிசை | ஞாயிறு, மாலை 5:40

30,000 என்ன ஆயிற்று?

சக்கரப்பெட்டி | ஞாயிறு, மாலை 5:43

வீட்டில், அலமாரியில். உங்களுடையது?

கடைசிவரிசை | ஞாயிறு, மாலை 5:51

பக்கத்தில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் பயணம். எண்ணை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், 111-தான் போட்டிருக்கிறது. இப்போதுதான் நிறுவனத்துக்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.